மூன்று பச்சைப் புள்ளிகள்

மூன்று கிளைகள் உள்ள ஒரு நிலையத்துக்குக் காவல் பெட்டி தேர்ந்து கொடுத்துவிட்டு, அதன் சாவியை ரொறன்ரோவில் இருந்த ஒரு மனிதனின் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்தபின் நீங்களாகக் கண்டுபிடித்து, "உந்த மனிசனிட்டையோ போய்க் கேட்டனாங்கள்" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்கள் எங்கள் கொம்பனியின் இப்போதைய பிள்ளைகள். வணிக நிலையங்களுக்குக் கிளவுட் வழியாக நிர்வகிக்கும் ஃபயர்வோல் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், ஓய்வுபெற்ற அனுபவசாலி நீங்கள் ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்றார்கள். என்னை அனுபவசாலி என்று அழைத்தால் நான் மயங்கிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மயங்கிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபயர்வோல் என்பது வெளி இணையத்துக்கும் நிலையத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கும் நடுவில் நிற்கும் சின்னப் பெட்டி. எவர் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்ப்பது அதன் வேலை. பழைய பெட்டிகளின் மூளை பெட்டிக்குள்ளேயே இருந்தது. புதியவற்றின் மூளை, பெட்டியைச் செய்தவர்களின் கணினிகளில், எங்கோ தூரதேசத்தில், கிளவுட் என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. கணக்குத் திறந்து வைத்திருப்பவர் உலகின் எந்த மூலையில் இருந்தும் அதற்குள் போய்ப் பார்க்கலாம், மாற்றலாம். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். உடம்பு ஒரு நாட்டிலும் யோசனை இன்னொரு நாட்டிலுமாக எங்களில் பாதிப்பேர் ஏற்கெனவே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

நான் தொழில் பழகிய கதை பெரிதில்லை. ரேடியோ திருத்தினேன், பிறகு கணினி திருத்தினேன், பிறகு கடைகளின் சீலிங்குக்கு மேலே தவழ்ந்து வயர் இழுத்தேன். ஒரு துணிக்கடையின் சீலிங் என் பாரம் தாங்காமல் விட்டுக்கொடுக்க, இடுப்புக்குக் கீழே நான் கடைக்குள் தொங்கினேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவிட்டார்கள். முதலாளி மட்டும் என் கால்களை அண்ணாந்து பார்த்து, "ஆர் தம்பி அது?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு என்னை மேசை வேலைக்கு மாற்றினார்கள்.

மேசையில் இருந்துகொண்டும் தொங்கினேன். கரவெட்டியில் ஒரு கடையின் பெட்டிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஒரு விதி எழுதினேன். வெளியில் இருந்து எவரும் உள்ளே வரக்கூடாது என்பது அதன் சாரம். சேமித்த கணமே என் திரை உறைந்தது. வெளியில் இருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறந்துபோனேன். பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்தது. மழைக்குள் பஸ் ஏறிப் போய், கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க விதியை அழித்துவிட்டு நனைந்த கோழியாகத் திரும்பி வந்தேன்.

வாசலில் சிவபாதம் சேர் துவாயோடு நின்றார். எங்கள் தொழில்நுட்பப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. அவர் ஏசி எவரும் கேட்டதில்லை. ஏசிவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமே என்று நாங்கள் ஏங்கியதுண்டு. துவாயைத் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"கள்ளன் என்னெண்டு உள்ளுக்கு வருவான் எண்டுதான் எல்லாரும் யோசிக்கினம். வீட்டுக்காரன் என்னெண்டு உள்ளுக்குப் போவான் எண்டும் கொஞ்சம் யோசியும்."

புதிய பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தால் சேர் அதைச் சோதிக்கும் விதமே தனி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வருவார். நீள மேசையின் நடுவில் பெட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு கணினி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொல்வார். அது பாதி வழியில் போகும்போது இணைய வயரைத் தன் கையாலேயே பிடுங்குவார். பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னால் கட்டியபடி பார்த்துக்கொண்டு நிற்பார். தூரதேசத்து மூளையோடு தொடர்பு அறுந்தபின் பெட்டி தன் புத்தியில் நிற்கிறதா, பதறுகிறதா என்று பார்ப்பது அது. பிறகு மின்சாரத்தை நிறுத்துவார், கொடுப்பார். பிறகு, காலத்துக்குக் காலம் காசு கட்டிப் புதுப்பிக்கும் உரிமம் முடிந்தால் என்ன நடக்கும் என்று கேட்பார். சில பெட்டிகள் உரிமம் முடிந்தாலும் பழைய விதிகளோடு ஓடிக்கொண்டிருக்கும். சில, அதற்குமேல் கொடுக்கும் தவணை நாட்கள் கடந்ததும் எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்திவிடும். கடைசியாக, காணி உறுதி வாசிக்கும் நொத்தாரிசைப் போல ஒரு கேள்வி:

"உது ஆற்றை பேரிலை நிக்குது?"

எவருடைய பெயரில் கணக்கு என்பதுதான் கேள்வி. நாங்கள் இதை அவர் இல்லாத இடங்களில் சொல்லிச் சிரிப்போம். மதியச் சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்காட்டி, "உது ஆற்றை பேரிலை நிக்குது?" என்று நான் அவரைப்போல நடித்துக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மங்கையற்கரசி மானிப்பாயில் மருத்துவ ஆய்வுகூடம் நடத்துகிறவர். இரத்தம், சலம் சோதிக்கும் இடம். கரவெட்டியிலும் அரியாலையிலும் கிளை திறந்தபோது மூன்றையும் வெளியார் எட்டிப்பார்க்க முடியாத பூட்டிய இணைய வழி ஒன்றால் இணைத்துத் தரச்சொல்லி எங்களிடம் வந்தார். கிளைகளில் எடுக்கும் சோதனை அளவுகள் மானிப்பாய்க்கு வந்து, அங்கே மருத்துவர் பார்த்து ஒப்பமிட்டபின்தான் நோயாளியின் கைக்குத் திரும்பிப் போகும். வழி அறுந்தால் முடிவு இல்லை.

இதற்கெல்லாம் காசு முதல் போட்டவர் அவருடைய தம்பி தயாளன். ரொறன்ரோவில் இருந்தார். மானிப்பாயில் மின்சாரமே இல்லாத காலத்தில் வெளிக்கிட்டுப் போன பிள்ளை. முதலில் அங்கே இருக்கப் பேப்பர் சரிவராமல், பிறகு வேலை, பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு நெஞ்சு வருத்தம் என்று ஒருதரமும் திரும்பி வரவில்லை. அரியாலைக் கிளை அவருடைய மனைவி சுகந்தியின் சீதன வீட்டு முன்னறையில்தான் இருந்தது. சுகந்தியின் தாய் அந்த வீட்டில் செத்தபோது சுகந்தி செத்தவீட்டைப் போனில் பார்த்தவர்.

இரண்டு பெட்டிகளைத் தயாளனுக்கு வீடியோவில் காட்டினேன். ஒன்று அழகில்லாதது. ஆனால் கிளவுட் இல்லாவிட்டாலும் பக்கத்தில் போய் நின்று ஆளலாம், உரிமம் முடிந்தாலும் நின்றுவிடாது. மற்றதில் ஒரு படம் இருந்தது. குடாநாட்டு வரைபடம், அதில் மூன்று பச்சைப் புள்ளிகள். மானிப்பாய், கரவெட்டி, அரியாலை. கிளை உயிரோடு இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு.

தயாளன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து அப்படியே வைத்திருந்தார். லைன் போய்விட்டதாக்கும் என்று திரையைத் தட்டினேன்.

"அண்ணை, உதிலை எங்கடை வீட்டு ஒழுங்கையும் தெரியுதெல்லே?" என்றார்.

அந்தக் கணத்தில் தேர்வு முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் நான் சேருக்குச் சொன்ன காரணங்கள்.

சேர் வழக்கப்படி வயரைப் பிடுங்கிப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு" என்றார். "ஆற்றை பேரிலை?"

"தயாளன்ரை பேரிலை சேர். அவற்றை கார்ட்டாலைதான் காசு போகுது."

"அவர் இல்லாட்டி?"

"அவர் எங்கை சேர் போகப்போறார்? வரவே வழியில்லாமல் நிக்கிறார்."

எனக்கே என் பகிடி பிடித்திருந்தது. சேர் வயரைத் திரும்பச் செருகிவிட்டு, "அக்காவையும் கணக்குக்கு ரெண்டாவது சொந்தக்காரியாப் போடச் சொல்லும்" என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கேட்கத்தான் போனேன். எங்கள் ஊரில் இது எவ்வளவு பாரமான கேள்வி என்று பிறநாட்டுக்காரன் எழுதிய கையேட்டில் இருக்காது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரம், நெஞ்சு வருத்தக்காரன், தமக்கை பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் "நீர் இல்லாமல் போனால்" என்று எந்த வாயால் கேட்பது? சுற்றி வளைத்தேன்.

"தம்பி, அக்காவின்ரை பேரையும் சேத்துப் போட்டால் ஒரு..."

"ஏன் அண்ணை, நான் கெதியாப் போயிடுவன் எண்டு சேர் சொன்னவரோ?" தயாளன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சீ! ரெண்டுபேரும் வாயைக் கழுவுங்கோ!" மங்கை கையை ஓங்கிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"இல்லைப் பிள்ளை, தம்பிக்கு லொத்தர் விழுந்து எங்களை மறந்துபோவான் எண்டுதான்" என்றேன். மூவரும் சிரித்தோம். கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது. விதிகளை மாற்றும் அனுமதி மட்டும் எனக்குத் தரப்பட்டது. உரிமம் புதுப்பிப்பது, ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் சொந்தக்காரருக்கு மட்டும். உள்ளே போகக் கடவுச்சொல் ஒன்று, அதற்குமேல் அவருடைய போனில் அரை நிமிடத்துக்கு ஒருதரம் மாறிக்கொண்டிருக்கும் ஆறு இலக்கம். கடவுச்சொல்லை நானும் அவரும் சேர்ந்துதான் வைத்தோம். எங்கள் ஊர்ச் சாப்பாடு ஒடியற்கூழ் என்று வைத்து, பின்னால் எண் சேர்த்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரை என்னைவிட நன்றாக அறிந்தவர் தயாளன்தான். அவருடைய செய்திகள் தந்திபோல வரும். "கரவெட்டி சிவப்பு, பாருங்கோ." அங்கே போன் எடுத்தால், வேலை செய்யும் பிள்ளை பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணிக் கேத்திலைச் செருகியிருக்கும். சில நாளில் தயாளனுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. "பயப்பிடாதேங்கோ அண்ணை, கரவெட்டியிலை தேத்தண்ணி நேரம்" என்பார். மானிப்பாயில் கரண்ட் போனால் மங்கைக்கு முன் அவருக்குத் தெரியும். காலையில் அரியாலையில் கதவு திறந்து கணினி போட்டதும் திரையில் போக்குவரத்துக் கோடு மேலே ஏறுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம்.

வீடியோவில் பின்னால் சுகந்தியின் குரல் கேட்கும். "உந்த மூண்டு புள்ளியையும் பாத்துக்கொண்டிருங்கோ. சோறு ஆறுது." இன்னொரு நாள், நேராகத் திரைக்குள் தலையை நீட்டி என்னிடமே கேட்டார்: "நீங்களோ அண்ணை உதைக் குடுத்தது? மனிசன் இஞ்சை இருக்குது, சீவன் அங்கை நிக்குது."

"தங்கச்சியும் ஒருக்கா வந்து பாருங்கோவன். உங்கடை அரியாலை வீடும் தெரியுது."

"எனக்கு அந்த வீட்டைப் பாக்கத் தேவையில்லை" என்று விலகிப் போனார். தயாளன் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

தயாளன் ஒருநாள் வேலைக்குப் போகக் காரில் ஏறியவர், நெஞ்சு அடைத்து ஏறியபடியே போய்விட்டார். மங்கை எனக்குச் சொல்லவில்லை. சொல்ல அவரால் முடியவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் சொல்லித்தான் தெரியும். செத்தவீடு அங்கே. இங்கே மானிப்பாயில் ஒரு படம், விளக்கு, பந்தல். போய் இருந்தேன். பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தவன் செத்தவீட்டில் படும் பாட்டை நீங்கள் அறியமாட்டீர்கள். வாய் திறந்தால் எல்லாரும் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சில நாட்களுக்குப் பின் நான் உள்ளே போய்ப் பார்த்தபோது திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை. உரிமம் முடிந்துவிட்டது, பணம் எடுக்க முடியவில்லை, தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் போனதும் வங்கி கார்ட்டை நிறுத்தியிருக்கிறது. தவணை முடிந்தால் மூன்று பெட்டிகளும் ஒன்றாக நின்றுவிடும். தவணை முடியும் நாளைப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு முன்னால் இருந்தது.

அந்திரட்டி முடிந்து துடக்குக் கழியும் வரை செத்தவீட்டுக்காரரிடம் கொடுக்கல் வாங்கல் கதைப்பதில்லை. பெட்டிக்கு அது தெரியாது. அப்போது மாரிமழை தொடங்கி டெங்கு பரவிய நேரம். மூன்று வாசலிலும் காய்ச்சல்காரர் வரிசை. இரத்தத்தட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் ஒருவரை ஆஸ்பத்திரியில் மறிப்பதா விடுவதா என்று முடிவெடுப்பார்கள். பழைய ரவுட்டர் ஒன்றைச் செருகினால் இணையம் வரும், ஆனால் பூட்டிய வழி இராது. கொழும்பில் இருந்து வேறு பெட்டிகள் வரக் கிழமைகள் ஆகும். பெட்டியைச் செய்தவர்களுக்கு எழுதினேன். அனுதாபங்கள், மரணச் சான்றிதழும் சட்டத்தரணியின் கடிதமும் அனுப்புங்கள், பரிசீலிப்போம் என்று பதில் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். தயாளனின் போன்.

"அவளிட்டை இப்ப என்னெண்டு கேக்கிறது?" என்றார் மங்கை. "அந்திரட்டி முடியட்டும் அண்ணை."

"அந்திரட்டிக்கு முதல் பெட்டி நிண்டுபோகும் பிள்ளை."

மங்கை கண்ணாடிக்கு வெளியே மர வாங்கில் இருந்த ஒரு தாயைப் பார்த்தார். மடியில் காய்ச்சல் பிள்ளை. "நான் கேக்கமாட்டன். நீங்கள் கேளுங்கோ" என்றார்.

பின்னேரம் எடுத்தேன். அங்கே காலை. ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஆசையாக இருந்தது. சுகந்தி எடுத்தார்.

"தங்கச்சி, குகன் கதைக்கிறன். மன்னிக்கவேணும். இப்ப கேக்கிற விஷயமில்லை இது..." என்று தொடங்கி, உரிமம், தவணை, கணக்கு என்று பயத்தில் முழுப் பாடமும் நடத்தினேன்.

"என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ."

"தயாளன்ரை போனைத் திறந்து, அதிலை ஒரு இலக்கம் வரும். அதை வாசிக்கவேணும்."

நடந்து போகும் சத்தம். பிறகு அலுமாரி திறக்கும் சத்தம், பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அவர் அதுவரை பிரிக்கவில்லை. அதற்குள் தயாளனின் போன் செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டுவிட்டு இருவரும் லைனிலேயே காத்திருந்தோம். மங்கை எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார்.

போன் உயிர்பெற்றதும் அது கிணுகிணுக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. அடைபட்டிருந்த செய்திகள் எல்லாம் கொட்டின.

"என்ன அண்ணை உது? எல்லாம் இங்கிலிசிலை. மானிப்பாய், கரவெட்டி எண்டு கிடக்கு."

உரிமம் முடிகிறது, உரிமம் முடிகிறது என்று பெட்டி நாள்தவறாமல் தயாளனுக்குத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.

"அது... பெட்டி அனுப்பினது தங்கச்சி."

"அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போலை" என்றார்.

ஆறு இலக்கம் வரும் இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். அவர் வாசிக்கத் தொடங்கினார். கடலைக் கடந்து குரல் வந்துசேரச் சுணங்கியது. நான்காவது இலக்கத்தில், "மாறிப்போச்சு" என்றார். அடுத்தது முழுதாக வந்தது. அவசரத்தில் கடைசி இலக்கத்தைப் பிழையாக அடித்தேன். திரை மறுத்தது.

"தங்கச்சி, ஒருக்கா திரும்ப..."

"ஒழுங்காக் கேளுங்கோவன் அண்ணை!" குரல் கிழிந்தது. "எத்தினை தரம் இதைப் பாக்கிறது நான்? அவற்றை பேர்தானே மேலை எழுதிக் கிடக்கு!"

மங்கை என்னை விலக்கிவிட்டுக் கதிரையில் இருந்தார். "சுகந்தி, நான் அடிக்கிறன். நீ சொல்லு" என்றார். ஒருவர் சொல்ல மற்றவர் அடித்தார். கணக்கின் கதவு திறந்தது. கொம்பனி வாங்கி வைத்திருந்த புதிய உரிமத்தைப் போட்டேன், மங்கையைச் சொந்தக்காரியாகச் சேர்த்தேன், மஞ்சள் பட்டை போயிற்று. வெளியே வாங்கில் இன்னும் காத்திருந்த தாய்க்கு இதொன்றும் தெரியாது. பிள்ளையின் சோதனை முடிவை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

"முடிஞ்சுதோ?" என்றார் சுகந்தி.

"முடிஞ்சுது தங்கச்சி."

வைத்துவிட்டார். மங்கை கனநேரம் திரையை விட்டு எழும்பவில்லை. மூன்று புள்ளிகளும் பச்சையாக இருந்தன.

மறுநாள் சிவபாதம் சேரின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போது ஓய்வில் இருந்தார். ஏசுவார் என்று ஆசையோடு போனேன். கேட்டுவிட்டு, "தேத்தண்ணி குடியும்" என்றார்.

ஆகவே பிள்ளைகள், பெட்டி வாங்கும்போது வேகத்தையும் விலையையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதற்கு நான் தேவையில்லை. வயரைப் பிடுங்கிப் பாருங்கள். உரிமம் முடிந்த மறுநாள் பெட்டி என்ன செய்யும் என்று எழுத்தில் வாங்குங்கள். சொந்தக்காரர் இருவராக இருக்கட்டும், ஒருவராவது பஸ்ஸில் போய்ப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். "நீர் இல்லாட்டி?" என்று கேட்கும்போது மட்டும் பகிடி விடாதீர்கள். அந்த ஒரு இடத்தில் விட்ட பகிடியை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தயாளன் விழுந்து விழுந்து சிரித்த சத்தத்தோடு.

ஒன்று மிச்சம் இருந்தது. ஆள் இல்லாத பெயரைக் கணக்கில் விட்டுவைக்கக் கூடாது என்பது தொழில் விதி. அந்திரட்டியும் முடிந்து, நான் ஓய்வும் பெற்றாயிற்று. தயாளனின் பெயர் மட்டும் அங்கேயே நின்றது. மங்கையிடம் கேட்டால், "சுகந்தியைக் கேளுங்கோ" என்றார். எழுதி, அழித்து, திரும்ப எழுதி ஒருவழியாக அனுப்பினேன்: "தங்கச்சி, தயாளன்ரை பேரை அதிலையிருந்து எடுத்துவிடட்டோ?"

வாசித்துவிட்டார் என்று அடையாளம் விழுந்தது. அன்று முழுதும் பதில் இல்லை. மறுநாள் காலை, நான் பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது, அங்கே சுகந்தி படுக்கப்போகும் நேரம், தயாளனின் இலக்கத்தில் இருந்து என் போனுக்கு ஒரு வரி வந்தது.

"அரியாலை சிவப்பு, போய்ப் பாருங்கோ."